மீன் ஏறும் காலம்

புதுச்சேரிக்கு யாத்திரை வருகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கே பார்த்தபடியே வருகிறார்கள். கிழக்கே பார்த்தபடியே திரும்பியும் போகிறார்கள். கடற்கரைச் சாலையில் உலாவுவது, மணக்குள விநாயகரைத் தரிசிப்பது, பாரதியார் 1908 முதல் 1918 வரை வசித்த ஊர் இது என்று பெருமிதத்துடன் நினைவுகூர்வது, அரவிந்தர் ஆசிரமத்தில் சிறிது நேரம் மௌனமாய் அமர்வது, பூங்காவின் நடுவேயுள்ள ஆயி மண்டபத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது - இவ்வளவோடு அவர்களுடைய புதுச்சேரி முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஆயி மண்டபமே மேற்கேயுள்ள முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்த கதையின் ஞாபகச் சின்னமல்லவா? கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இந்தப் பட்டணம் என்றுமே மேற்குத் திசையின் தண்ணீரைக் குடித்துத்தான் உயிர் வாழ்ந்து வந்திருக்கிறது.

அந்த மேற்குத் திசைக்கு நேயர்களை அழைத்துச் செல்லவே இக்கட்டுரை. பார்க்கப் போவது கோபுரத்தையோ கோட்டையையோ அல்ல. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்கள் மாத்திரம் நடைபெறும் ஒரு பிரயாணத்தை. பிரயாணம் செய்கிறவர்கள் மனிதரல்லர், மீன்கள்.

ஊசுட்டேரி

நகரத்திலிருந்து மேற்கே சுமார் 7 மைல் சென்றால் ஊசுட்டேரி. புதுச்சேரிப் பிரதேசத்தில் 84 ஏரிகள் உண்டென்று கணக்குச் சொல்வார்கள். அவற்றில் மிகப் பெரியது இது. அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரியின் பரப்பு ஏறக்குறைய 2,000 ஏக்கர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி புதுச்சேரியைச் சேர்ந்தது. மீதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. கரையில் நின்று பார்க்கிறவனுக்கு எங்கே ஒரு ராஜ்யம் முடிகிறது, எங்கே மற்றொன்று தொடங்குகிறது என்பது தெரியாது. தண்ணீருக்கும் தெரியாது.

குளிர் காலத்தில் இங்கே வந்து இறங்கும் பறவைகளின் கூட்டம் பிரசித்தம். நாமக்கோழிகளும் கூழைக்கடாக்களும் முக்குளிப்பான்களும் நீர்ப்பரப்பைக் கறுப்பும் வெள்ளையுமாக்கிவிடும். 2008-ல் புதுச்சேரி அரசாங்கமும், பின்னர் தமிழ்நாடு அரசாங்கமும், தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. வருஷந்தோறும் பறவை அன்பர்கள் தொலைநோக்கியும் நோட்டுப் புத்தகமுமாக வந்து பறவைகளை எண்ணிச் செல்கிறார்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால் இந்தப் பறவைகளில் பலவற்றுக்கு ஆகாரமாகும் மீனை எண்ணுகிறவர்களை நான் கரையில் கண்டதில்லை.

ஏரிக்குத் தண்ணீர் வருவது வானத்திலிருந்து மாத்திரமல்ல. செஞ்சிக்கு மேற்கேயுள்ள மலைகளில் பிறந்து வரும் சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் என்ற கால்வாய் பிரிந்து, வயல்களுக்கும் கிராமங்களுக்கும் நடுவே ஓடி ஊசுட்டேரியில் விழுகிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் வாய்க்காலில் வெள்ளம். வாய்க்காலில் வெள்ளம் வந்தால் ஏரியில் புதுத் தண்ணீர். அந்தப் புதுத் தண்ணீரின் வாசனை ஏரியிலுள்ள மீன்களுக்கு ஒரு கலியாண ஓலை போன்றது.

எதிர்நீச்சல்

கோடையில் சேற்றோரமாய் ஒதுங்கிக் கிடந்த கெண்டைகளும் சேல்களும் கெளுத்திகளும் வாளைகளும் வடகிழக்குப் பருவமழையின் முதற் பெருவெள்ளத்தில் வயிறு நிறையச் சினையுடன் வாய்க்காலை நோக்கிப் புறப்படுகின்றன. ஓட்டத்துக்கு எதிராக ஏறுவதுதான் அவற்றின் வழக்கம். ஆழமான ஏரியில் முட்டையிட்டால் குஞ்சுகளைத் தின்னக் காத்திருக்கும் பகைவர்கள் அநேகர். வெள்ளம் புதிதாய்ப் பரவிய ஆழமற்ற இடங்களிலோ இளம் புல் மூழ்கியிருக்கும், குஞ்சுகளுக்கு வேண்டிய நுண்ணிய உயிர்கள் பெருகியிருக்கும், பிராணவாயுவும் மிகுந்திருக்கும். கெண்டை இனத்துப் பெரிய மீன்களின் முட்டை ஒரு நாள் பொழுதுக்குள்ளேயே பொரிந்துவிடும். வெள்ளம் வடிவதற்குள் குஞ்சு நீந்தக் கற்றுக்கொண்டு, வடிகிற தண்ணீரோடு ஏரிக்கு இறங்கிவிட வேண்டும். ஆகையால் தாய்மீனுக்கு அவகாசம் மிகக் குறைவு. நேரம் தவறினால் அந்த வருஷத்துச் சந்ததியே தவறியது.

எல்லா மீன்களும் ஒரே வகையாக நடப்பதில்லை. விரால், களைகளுக்கு நடுவே இடம் செய்து முட்டையிட்டு, தாயும் தகப்பனுமாகக் காவல் காக்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் ஒரு திரளாய் நீர்மட்டத்தில் நெளிவதைக் கிராமத்துக் குழந்தைகள் எல்லோரும் கண்டிருப்பார்கள். விலாங்கோ நேர் எதிரான வழக்கமுடையது. ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்து, முட்டையிடுவதற்குக் கடலைத் தேடி இறங்கிப் போகிறது. பனையேறிக் கெண்டை தண்ணீரை விட்டு வெளியேறி ஈரத் தரையிலும் ஊர்ந்து செல்லும். தரங்கம்பாடியில் டேனிஷ் உத்தியோகத்தில் இருந்த டால்டார்ப் என்பவர், 1791-ல் இம்மீன் பனைமரத்தில் தண்ணீருக்கு மேல் 5 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதி ஐரோப்பாவையே திகைக்க வைத்தார். நம்முடைய ஜனங்களுக்கு அதில் திகைப்பதற்கு ஒன்றுமில்லை. பெயரிலேயே அந்தச் செய்தி இருக்கிறது.

சென்ற ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், என் மாணாக்கர் சிலரோடு வாய்க்கால் கரைக்குப் போயிருந்தேன். ஒரு சிறிய பாலத்தினடியில் தண்ணீர் படியிறங்குவது போல் விழுந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் வெள்ளிக்காசுகளை யாரோ கீழிருந்து மேலே சுண்டியெறிவது போலக் கெண்டைகள் துள்ளின. சில மேல்தட்டை எட்டின. பல தவறி விழுந்து மறுபடி முயன்றன. பாலத்தின் மேற்புறத்தில், அவை எட்டிவிழும் இடத்திலேயே, மூங்கிற் குச்சிகளால் முடைந்த தூரி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே போகலாம், திரும்ப முடியாது. அதுதான் தூரியின் இலக்கணம். சற்றுத் தள்ளி ஆழமற்ற நீரில், அடியில்லாத ஊத்தாக் கூடைகளைக் கவிழ்த்து மேல்வாய் வழியே கையைவிட்டு மீன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒரு முதியவர் தம் சாக்குப் பையை உதறிக்கொண்டிருந்தார். பையிலிருந்த மீன்களில் பெரும்பாலானவை சினை மீன்கள்.

"பெரியவரே! எல்லாம் சினையாக இருக்கின்றனவே. இவற்றைப் பிடிக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வாத்தியாரய்யா! வெள்ளம் வருஷத்துக்கு நாலு நாள்தான் வருது. இந்த நாலு நாளும் வயல் வேலை கிடையாது. நீங்க மார்க்கெட்டுல காசு கொடுத்து வாங்குவீங்க; எங்களுக்கு வாய்க்கால் கொடுக்குது" என்றார். பிறகு சிறிது யோசித்து, "எங்க அப்பா முதல் வெள்ளத்து மீனைத் தொடமாட்டாரு. ரெண்டாம் வெள்ளத்துலதான் ஊத்தா எடுப்பாரு. அப்பல்லாம் மீன் நிறைய. இப்ப கொறஞ்சு போச்சு. நாங்க பிடிச்சதாலயா, மழை தப்பினதாலயா, மதகை மூடறதாலயா, யாருக்குத் தெரியும்? எத்தனை ஏறுதுன்னு எண்ணினவன் யாரு?" என்றார்.

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பெயரிட்டார்கள், எண்ணவில்லை

இந்தக் கரையின் மீன்களை விஞ்ஞான உலகம் அறியாததல்ல. 1816 முதல் 1822 வரை புதுச்சேரியில் தங்கியிருந்த லெஷனோல் என்ற பிரெஞ்சு இயற்கை நூலறிஞர், இங்கிருந்து மீன்களைப் பாரிஸ் கண்காட்சிச் சாலைக்கு அனுப்பினார். கூவியேயும் வலான்சியேனும் 1828 முதல் 1849 வரை 22 பாகங்களாக வெளியிட்ட மீன்களின் சரித்திரத்தில் அவற்றுக்கு இடம் கிடைத்தது. ஆங்கிலேயர் பக்கத்தில், பிரான்ஸிஸ் டே என்னும் வைத்தியர் இந்தியாவிலும் பர்மாவிலுமுள்ள நன்னீர் மீன்களைப்பற்றி 1873-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆற்றின் குறுக்கே கட்டும் அணைகள் மீனின் வழியை மறிக்கின்றன என்றும், சினை மீனும் குஞ்சும் கணக்கின்றி அழிக்கப்படுகின்றன என்றும் அவர் எச்சரித்திருந்தார். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1897-ல் பிறந்தது. ஆனால் அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு ஏற்பட்ட சட்டம். பிரெஞ்சு எல்லையோ இந்தப் பிரதேசத்தில் வயலுக்கு வயல் மாறும். ஒரே வாய்க்காலின் மீன் காலையில் ஓர் ஏகாதிபத்தியத்திலும் மாலையில் மற்றோர் ஏகாதிபத்தியத்திலும் நீந்தியது.

அந்தக் கொடிகள் இரண்டும் இறங்கிவிட்டன. 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் நம் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ந் தேதி சட்டப்படியும் இணைந்தது. ஆனால் அந்நியர் வரைந்த கோடு மாத்திரம் மாநில எல்லையாக இன்றும் ஏரியின் நடுவே ஓடுகிறது.

வீடூர் அணை

ஊசுட்டேரியோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். ஆற்றைத் தொடர்ந்து மேலே செல்ல வேண்டும். பிள்ளையார்குப்பம் முதலிய இடங்களில் ஆற்றின் குறுக்கே படுகையணைகள் இருக்கின்றன. திருவக்கரையில் சந்திரமௌளீசுவரர் கோயிலும், பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கல்லாய்ச் சமைந்த மரங்களும் இருக்கின்றன. அந்தக் கல்மரங்களை நின்று பார்க்காமல் போவது பாவம். ஆனால் நமது பிரயாணத்துக்கு உரிய இடம் அதற்கும் அப்பால் உள்ள வீடூர்.

வராக நதி என்றும் பெயருள்ள சங்கராபரணியும் தொண்டியாறும் கூடும் இடத்தில், 1959-ல் வீடூர் அணை கட்டி முடிந்தது. 32 அடி உயரம். 605 மில்லியன் கன அடி கொள்ளளவு. இதனால் பாசனம் பெறும் 3,200 ஏக்கரில் 1,000 ஏக்கர் புதுச்சேரிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அணையின் மேல் நின்று மேற்கே நோக்கினால் இரண்டு ஆறுகளும் இரண்டு கைகளைப் போல நீர்த்தேக்கத்தை ஏந்தி நிற்பது தெரியும். பின்னணியில் நீல நிறமாய்க் குன்றுகள்.

மீனின் கண்ணால் இதே காட்சியைப் பார்க்க வேண்டும். அணைக்குக் கீழேயிருந்து ஏறி வரும் மீனுக்கு இது பிரயாணத்தின் முடிவு. ஏறுவதற்குப் படி இல்லை. மதகைத் திறக்கும்போது விழும் வெள்ளம் அதை வா என்று அழைக்கிறது. சுவர் போ என்று சொல்கிறது. திறந்த மதகு சட்டென்று மூடப்பட்டால், ஏறி வந்த மீன் ஆற்று மணலின் குட்டைகளில் சிக்கிக் கொக்குகளுக்கும் மனிதருக்கும் எளிதில் இரையாகும். அணைக்கு மேலேயுள்ள மீனுக்கோ அந்த இரண்டு ஆறுகளே பிரசவ அறைகள். நீர்த்தேக்கத்தில் எவ்வளவு மீன் வளரும் என்பதை, அந்த ஆறுகளில் சில நாட்கள் தடையின்றி ஓடும் தண்ணீரே தீர்மானிக்கிறது.

'மீன் குறைந்தால் குஞ்சு வாங்கி விட்டால் போகிறது' என்று சிலர் சொல்லக்கூடும். உண்மையில் நம் தேசம் அந்த வித்தையில் பெரிய வெற்றி கண்டிருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் முதலிய பெருங்கெண்டைகள் குளத்தின் தேங்கிய நீரில் சாதாரணமாக முட்டையிடா. ஒரு கிலோகிராம் எடையுள்ள ரோகு ஏறக்குறைய 2 இலட்சம் முட்டைகளைச் சுமந்தாலும், ஓடும் வெள்ளம் இல்லையேல் அவ்வளவும் வீண். 1957 ஜூலை 10-ந் தேதி ஒரிஸாவிலுள்ள அங்குலில் ஹீராலால் சௌதுரி என்ற வங்காள விஞ்ஞானி, வேறு மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அந்நாளை இன்றும் தேசம் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறது. இன்று ஏரிகளில் விடப்படும் கோடிக்கணக்கான குஞ்சுகள் அந்த ஊசியின் பிரசாதம்.

ஆயினும் வாங்கி விடுகிற குஞ்சு நாலைந்து இனம் மாத்திரமே. நம் ஏரியின் கெளுத்தியையும் வாளையையும் குறவையையும் அயிரையையும் யார் வாங்கி விடுவார்கள்? அவை தாமாக ஏறித் தாமாகப் பெருக வேண்டியவை. 1952-ல் இலங்கை வழியாக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, 'ஜிலேபிக் கெண்டை' என்ற செல்லப் பெயருடன் இன்று எல்லா ஏரிகளிலும் குடியேறிவிட்டது. அதற்கு வெள்ளமும் வேண்டாம், ஆறும் வேண்டாம். நின்ற தண்ணீரிலேயே குழி தோண்டி முட்டையிட்டு, வாயிலேயே குஞ்சை அடைகாக்கும். வழி மறிக்கப்பட்ட ஆற்றில் யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை.

எண்ணுகிறவர்கள்

மற்றத் தேசங்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் குறுக்கே பானவில் அணை கட்டியபோது மீனுக்கென்று படிகளும் கட்டினார்கள். 1938 முதல் அந்தப் படிகளில் ஏறும் மீன்களை ஆள் வைத்து எண்ணி வருகிறார்கள். கனடாவில் கூட்டனே ஏரியில் வாழும் கொக்கனி என்ற சிவந்த மீன், இலையுதிர் காலத்தில் ஏரியை விட்டுச் சிற்றாறுகளில் ஏறிச் சரளைக் கற்களில் முட்டையிடுகிறது. உத்தியோகஸ்தர்கள் வருஷந்தோறும் அதை எண்ணுகிறார்கள். 2013-க்குப் பிறகு இலட்சக் கணக்கு ஆயிரக் கணக்காகச் சுருங்கியபோது, அந்தச் செய்தி உடனே வெளிப்பட்டது. பரிகாரம் தேடவும் தொடங்கினார்கள். கணக்கு இருந்ததால் நோய் தெரிந்தது.

நம் நாட்டிலும் படிப்பினை உண்டு. 1975-ல் கங்கையின் குறுக்கே பராக்கா அணை செயலுக்கு வந்தது. கடலிலிருந்து அலகாபாத் வரையில் ஏறி வந்த ஹில்சா மீன் அதற்குப் பிறகு மேல் கங்கையில் அருகிப் போயிற்று. ஹில்சா பெரிய மீன், பணக்கார மீன். ஆகையால் அதன் துக்கத்தைத் தேசம் அறிந்தது. சங்கராபரணியின் கெண்டைக்கு அழுகிறவர் யார்?

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தபோது, நகரத்தில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணி கரை புரண்டது. மழையை மில்லிமீட்டர் வரையில் அளந்தார்கள். அணையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் அளந்தார்கள். திறந்துவிட்ட தண்ணீரைக் கன அடியில் அளந்தார்கள். அந்த வெள்ளத்தில் எத்தனை தாய்மீன்கள் ஏறின, எத்தனை குஞ்சுகள் திரும்பி இறங்கின என்பதற்குத்தான் யாதொரு அளவும் நம்மிடம் இல்லை.

மீனை எண்ணுவதற்குப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. வாய்க்கால் குறுகும் ஓர் இடம் போதும். வெள்ளம் தொடங்கிய நாள் முதல் வடியும் நாள் வரையில், தினந்தோறும் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி, கரையில் உட்கார்ந்து துள்ளும் மீனை எண்ண வேண்டும். அடையாளக் கோல் நட்டுத் தண்ணீரின் ஆழத்தையும் அதன் உஷ்ணத்தையும் குறிக்க வேண்டும். மீன் தொழில் தெரிந்த ஒருவர் அரைமணி நேரம் வலைக்கூடு வைத்து, விழுந்த மீனின் இனம், நீளம், சினை உண்டா என்பவற்றைப் பார்த்து, மேற்புறத்திலேயே விட்டுவிட வேண்டும். வெள்ளம் வடிந்தபின் குட்டைகளிலுள்ள குஞ்சுகளை ஒரு சிறு வலையால் அரித்துப் பார்க்க வேண்டும். இப்போது ஒரு குவளை நீரிலுள்ள மரபணுத் துகள்களைக்கொண்டே எந்தெந்த மீன் அங்கு வாழ்கிறதென்று கண்டுபிடிக்கும் முறையும் வந்திருக்கிறது. அதைக் கல்லூரிகள் செய்யட்டும். துள்ளும் மீனை எண்ணுவது பள்ளிக்கூடத்தின் வேலை.

என் மாணாக்கர்கள் அன்று தொடங்கிச் சில நாட்கள் அவ்வாறு குறித்தார்கள். பெரியவர்கள் துணையின்றி ஒருவனையும் தண்ணீரில் இறங்க விடவில்லை, வெள்ளம் விளையாட்டல்ல. ஒரு வருஷக் கணக்கு கணக்காகாது. ஆகையால் அதை இங்கே வெளியிடவில்லை. பத்து வருஷம் தொடர்ந்தால்தான் மழை தப்பிய வருஷத்தையும் மதகு தப்பிய வருஷத்தையும் பிரித்தறிய முடியும்.

அது தெரியாத வரையில் மீன் குறைந்த பழியெல்லாம் யார் தலையில் விழும்? ஊத்தாக் கூடை வைத்திருக்கும் அந்த ஏழை முதியவர் தலையில்தான். கணக்கில்லாத இடத்தில் தடையுத்தரவு முதலில் பலவீனன் மேல்தான் பாயும். அவர் பிடிப்பதுதான் காரணமென்று கணக்குச் சொன்னால், முதல் வெள்ளத்தை விட்டு இரண்டாம் வெள்ளத்தில் பிடி என்று அவருடைய தகப்பனாரின் வழக்கத்தையே நியாயத்துடன் அவருக்கு எடுத்துச் சொல்லலாம். அவர் கேட்பார் என்றே நினைக்கிறேன். மதகுதான் காரணமென்று தெரிந்தால், மூடுவதைச் சிறுகச் சிறுக மூடும்படி பொதுப்பணி இலாகாவைக் கேட்கலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஊசுட்டேரியின் கரையில் புதுச்சேரிப் பள்ளிகளும் உண்டு, தமிழ்நாட்டுப் பள்ளிகளும் உண்டு. வீடூரில் ஒரு பள்ளி, சுத்துக்கேணியில் ஒரு பள்ளி, ஏரிக்கரையில் இரு பக்கமும் ஒவ்வொன்று: நான்கு பள்ளிகள் ஒரே மாதிரி நோட்டுப் புத்தகத்தில் ஒரே நாட்களில் குறித்து வந்தால், ஆறு முழுவதற்கும் ஒரு கணக்கு ஏற்பட்டுவிடும். அடுத்த ஐப்பசியில் முதல் பெருமழை ஓய்ந்த காலையில், இதைப் படிக்கும் ஆசிரியர்களில் யாரேனும் ஒருவர் தம் ஊர் வரத்து வாய்க்காலுக்கு நாலு பிள்ளைகளோடு போய் நிற்க வேண்டுமென்பதே என் வேண்டுகோள். வெள்ளம் நாலு நாளுக்கு மேல் காத்திராது.